ஜவெலுக்காக ஒரு பூசைக் கருத்து

9 ஜனவரி 2025, வியாழன்

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துவிட்டு, கை கழன்று வீட்டுக்கு வந்தால், எங்கள் வீட்டுப் பிள்ளை அடுப்படியில் முட்டை உடைத்துக்கொண்டு நிற்கிறான். ஒரு நேரத்துக்கு எட்டு. வெள்ளை மட்டும் அவனுக்கு. மஞ்சள் எல்லாம் கோப்பையில் எனக்கு. "இதை என்னடா செய்யிறது?" என்று கேட்டால் பல்லைக் காட்டுகிறான். ஒரு கிழமையாக நானும் இவரும் மஞ்சட்கருப் பொரியல்தான் சாப்பிடுகிறோம். இவருக்குக் கொலஸ்ரரோல் கூடினால் அவனுடைய உதைபந்துக் கிளப்பில்தான் போய்க் கேட்கவேண்டும்.

இந்தக் கொப்பி மகள் ஏஞ்சலா நத்தார்ப் பண்டிகைக்குத் தந்தது. முதல் பக்கம் என்றபடியால் முறையாக எழுதுகிறேன். பிள்ளையின் பெயர் ஜவெல் பெவ்ரியே. வயது இருபது. ஊர் செயின்ற் லூசியா, கரீபியன் பக்கம் ஒரு சின்னத் தீவு. தொழில் உதைபந்து. தகப்பன் இங்கே லண்டனில் பிறந்தவராம், அதனால் பாஸ்போட் கரைச்சல் இல்லை. ஏஞ்சலா வேலைக்கென்று மான்செஸ்ரர் போன பிறகு அவளுடைய அறை சும்மா கிடந்தது. வெளியூர் விளையாட்டுக்காரப் பிள்ளைகளை வீட்டோடு வைத்துப் பார்க்கக் குடும்பங்கள் தேவை என்று கிளப்காரர் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கடுதாசி ஒட்டியிருந்தார்கள். நான் இவரிடம் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டேன். ஒரு புனிதையின் பெயரில் ஒரு நாடே இருக்கிறது, அங்கிருந்து ஒரு கத்தோலிக்கப் பிள்ளை வருகிறான் என்றால் கோயிலோடு வளர்ந்த எந்த மன்னார்க்காரி வேண்டாம் என்பாள்?

இவர் வேறு நினைப்பில் சம்மதித்தார். வெஸ்ற் இண்டீஸ் பிள்ளை, கிரிக்கெட் கதைக்கலாம் என்று. ஓகஸ்ற்றில் அவன் வந்து இறங்கிய அன்றே, சூட்கேசை உள்ளே வைக்கக்கூட விடாமல், எண்பதுகளில் நடந்த ஏதோ ஒரு ரெஸ்ற் மாச்சைப் பற்றிக் கேட்டார். அவனுக்குக் கிரிக்கெட்டே பிடிக்காதாம். பாவம் மனுசன், அந்தக் கிழமை முழுக்க பஸ்ஸை ஒரு மாதிரித்தான் ஓட்டியிருப்பார்.

ஜூன் முடியும் வரைதான் ஜவெலின் ஒப்பந்தம். அதற்குள் முதல் அணியில் விளையாடிக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பி மாமனின் ஹோட்டலில் பெட்டி தூக்கவேண்டியதுதான் என்கிறான். ஐந்து மாதமாக மாற்று ஆட்களோடு பெஞ்சில் இருக்கிறான்.

11 ஜனவரி, சனி

பெஞ்ச். ஜக்கெற்றைக்கூடக் கழற்றவில்லையாம்.

18 ஜனவரி, சனி

கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுத இருந்துவிட்டேன். குளிரால் அல்ல.

அவன் தந்த ரிக்கெற்றில் நானும் றோஸ்மலர் அக்காவும் மாச் பார்க்கப் போனோம். அக்கா எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறார். கோயிலில் பாடற்குழு அவர் கையில், ஊர்ப் புதினமும் அவர் கையில். அவருடைய மகன் டெனுசன் போன் கடையில் வேலை, சின்னனில் இருந்தே இந்தக் கிளப்புக்கு உயிரை விடுகிறவன். அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். ஒஃப்சைட் என்றால் என்னவென்று மூன்று மீன் ரோல்ஸை மடியில் வைத்து நகர்த்தி நகர்த்தி விளங்கப்படுத்தினான். அக்கா அதில் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். அதோடு எனக்கு ஒஃப்சைட் விளங்காமலே போயிற்று.

எழுபத்தெட்டாவது நிமிடம். எங்கள் பிள்ளை ஜக்கெற்றைக் கழற்றுகிறான். உள்ளே இறங்குகிறான். எனக்கு என்ன நடந்ததென்று தெரியவில்லை, எழும்பி நின்று "ஓடு ராசா, ஓடு" என்று கத்தத் தொடங்கிவிட்டேன். முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. மாச் முடியும்போது அந்த வரிசை முழுக்க "ஓடு ராசா" தான். பிழையான உச்சரிப்பு. ஆனால் நல்ல சத்தம்.

அவன் பந்தை ஆறு தரம் தொட்டான். நான் எண்ணினேன்.

1 பெப்ரவரி, சனி

கோல். கோல். கோல். கோர்னரில் இருந்து பந்து வந்தது, எங்கள் பிள்ளை எழும்பித் தலையால் இடித்தான், வலை ஆடிற்று. என் தொப்பி எங்கே போனதென்று தெரியாது. அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த ஆளையும் கட்டிப்பிடித்தேன், யாரென்று தெரியாது. ஜவெல் நாங்கள் இருந்த பக்கமாக ஓடிவந்து கையைக் காட்டினான். எனக்குத்தான் காட்டினான் என்று நான் சொல்கிறேன். முழு ஸ்ரேடியத்துக்கும் என்று இவர் சொல்கிறார். இவர் அங்கே இருக்கவில்லை, இவருக்கு என்ன தெரியும்?

3 பெப்ரவரி, திங்கள்

குரல் போய்விட்டது. சமையலறையில் கரண்டியால் சைகை காட்டி வேலை வாங்கினேன்.

9 பெப்ரவரி, ஞாயிறு

ஜவெலின் அம்மா வீடியோவில் வந்தார். பெயர் ஆக்னெஸ். அவர் பேசும் இங்கிலிஷ் எனக்குப் பாதி, என்னுடையது அவருக்குப் பாதி. இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுக் கதை வந்துவிடுகிறது. என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். முட்டை என்றேன். தலையில் கைவைத்தார். அவர்கள் ஊரில் வாழைக்காயை அவித்து, உப்பு மீனோடு பிரட்டிச் சாப்பிடுவார்களாம், அதுதான் அவனுக்கு உயிராம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்களிடம் இல்லாத கருவாடா?

பின்னேரமே தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில் வாழைக்காயும் கட்டாக் கருவாடும் வாங்கிவந்து, அவர் சொன்னபடி பாதி, என் மனம் சொன்னபடி பாதி சமைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி யன்னலைச் சாத்தினாள். ஜவெல் மூன்று தட்டுச் சாப்பிட்டான். நாலாவதுக்குத் தட்டை நீட்டிவிட்டு, "அன்ரி, கிளப்பில் கேட்டால் கோழி எண்டு சொல்லுங்கோ" என்றான். அவன் இங்கிலிஷில்தான் சொல்கிறான். என் காதில் இப்படித்தான் விழுகிறது.

8 மார்ச், சனி

இன்றைக்கும் முதலில் இருந்தே விளையாடினான். தொடர்ந்து நாலாவது மாச். இவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். "சும்மா பார்ப்பம் எண்டுதான்" என்று சொல்லி வந்தவர், ரெஃபரியைப் பேசிய பேச்சு இந்தக் கொப்பியில் எழுதக்கூடியது அல்ல. தவக்காலம் வேறு.

13 மார்ச், வியாழன்

நெஞ்சுக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு நிற்கிறது. எழுதினாலாவது அடங்குமோ?

பின்னேரம் ஜவெல் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தான். "அன்ரி, ஒரு விஷயம். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது." பெல்ஜியத்தில் ஒரு கிளப். அங்கே முதலாம் பிரிவு. வருகிற சனிக்கு அடுத்த சனி அவர்களின் ஆள் மாச் பார்க்க வருகிறாராம். பிடித்துப்போனால் ஜூலையில் இருந்து இரண்டு வருட ஒப்பந்தம். ஆனால் அவனோடு பேசுவதற்கு முதல் அவர்கள் இங்குள்ள கிளப்புக்குக் கடிதம் போடவேண்டுமாம். அந்தக் கடிதம் இன்னும் போடவில்லை. அதற்குள் வெளியே தெரிந்தால் எல்லாம் குழம்பிப்போகும் என்று ஏஜென்ற் சொல்லியிருக்கிறாராம்.

"தம்பி கெரனுக்கு மட்டும் சொன்னனான். இப்ப உங்களுக்கு. அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை" என்றான்.

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன். அவன் மேலே போனதும் இவருக்குச் சொன்னேன். இவருக்குச் சொல்வது சொல்வதில் சேராது.

14 மார்ச், வெள்ளி

ஒருவருக்கும் சொல்லவில்லை.

15 மார்ச், சனி

இன்னும் சொல்லவில்லை. வயிறு ஊதுகிறது.

16 மார்ச், ஞாயிறு

றோஸ்மலர் அக்கா கடையில் கண்டு, "என்ன சாந்தி, முகம் ஒரு தினுசாய்ப் பளபளக்குது?" என்று கேட்டார். கிரீம் மாற்றினேன் என்றேன். என்ன கிரீம் என்று கேட்டார். இப்போது அக்கா அந்தக் கிரீமை வாங்கப் போய்விட்டார்.

19 மார்ச், புதன்

சூசையப்பர் திருநாள். இன்று ஒரு வழி கண்டுபிடித்தேன்.

பூசைக்குக் கருத்துக் கொடுப்பது, இன்ன காரியத்துக்காக வேண்டச் சொல்லிக் கடுதாசியில் எழுதிக்கொடுப்பது. ஞாயிறு தமிழ்ப் பூசையில் அவனுக்காக ஒப்புக்கொடுத்தால், சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று. ஆண்டவருக்குச் சொல்வது ஒருத்தருக்குச் சொல்வதில் சேருமா? எங்கள் பாதர் எவ்வளவு விரிவாக எழுதிக்கொடுத்தாலும் பீடத்தில் "மேரிசாந்தி குடும்பத்தாரின் கருத்துக்காக" என்று ஒரு வரிதான் வாசிப்பார். பத்து வருடமாக அப்படித்தான். ஆனால் கடுதாசியில் விபரமாக எழுதத்தான் வேண்டும். ஊரில் அம்மாவும் அப்படித்தான் எழுதுவார். ஆண்டவர் பெயர் தெரியாமல் யாருக்கு அருள் கொடுப்பார்? பெயர், நாடு, கிளப், எத்தனை வருடம் எல்லாம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கோயிலைப் பார்க்கும் சங்கிலித்தாமிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மனம் பஞ்சாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் 250ஆம் நம்பர் பஸ்ஸில் பாடிக்கொண்டு வந்தேனாம். இவருடைய கூட்டாளிதான் டிறைவர். இவருக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

22 மார்ச், சனி

பெல்ஜியக்காரரை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். நீலக் கழுத்துத்துணி, கையில் பை இல்லை, போத்தல் இல்லை, கோல் விழுந்தபோது எழும்பவில்லை. எழும்பாத ஆள் அவர் ஒருவர்தான். ஜவெல் ஒரு கோல் போட்டு இன்னொன்றுக்குப் பந்து கொடுத்தான். ஏஜென்ற் போன் எடுத்து, புதன்கிழமை அந்தக் கடிதம் வரும் என்று சொன்னாராம். அடுப்படியில் ஜவெல் என்னைத் தூக்கிச் சுற்றினான். எழுபத்தெட்டுக் கிலோ நான். அந்தக் கால் இன்ஷூரன்ஸ் பண்ணின கால், இறக்கிவிடு என்று கத்தினேன்.

23 மார்ச், ஞாயிறு

எங்கள் பாதர் இல்லை.

தவக்காலத் தியானம் கொடுக்க மன்னாரில் இருந்து ஒரு பாதர் வந்திருக்கிறார். இளம் ஆள், நல்ல கணீர்க் குரல். உறைகளைத் திறந்தார். ஒவ்வொன்றாக, முழுக்க, மைக்கில் வாசித்தார்.

"எமது இல்லத்தில் தங்கியிருக்கும் செயின்ற் லூசியா நாட்டு உதைபந்தாட்ட வீரர் ஜவெல் பெவ்ரியே, பெல்ஜியம் நாட்டுக் கழகத்துடன் இரண்டு வருட ஒப்பந்தம் நல்லபடி செய்துகொள்ள இறையருள் வேண்டி, மேரிசாந்தி குடும்பத்தார்."

உண்மையைச் சொல்லவேண்டும். முதல் இரண்டு விநாடி எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு வடிவாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். மூன்றாவது விநாடிதான் என்ன எழுதியிருக்கிறேன் என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். முந்நூறு பேர். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் பதினொரு பேர் கைகொடுத்தார்கள். பதினொரு பேரிடமும் "தயவுசெய்து ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றேன். "சீச்சீ, நாங்கள் ஏன் சொல்லுறம்" என்றார்கள். ஜவெல் இங்கிலிஷ் பூசைக்குத்தான் போகிறவன், அவனுக்குத் தெரியாது. புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தானே. ஒன்றும் நடக்காது.

ஒன்றும் நடக்காதா?

25 மார்ச், செவ்வாய்

நடந்திட்டுது.

கிளப் ரசிகரின்ரை இன்ரநெற் பக்கத்திலை நேற்றுப் பின்னேரமே வந்திட்டுதாம். ஜவெல் பெல்ஜியம் போறான், ரெண்டு வருசம், நம்பகமான இடத்தாலை கேள்விப்பட்டது எண்டு. மனேஜர் காலமை கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். கடிதம் வரமுதல் கதைச்சபடியாலை இஞ்சத்தைக் கிளப் முறைப்பாடு வைக்கப்போகுதாம். பெல்ஜியக்காரர் பயந்து, எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை எண்டு கையைக் கழுவிட்டினம். எல்லாம் ஒரு நாளிலை. ஒரே நாளிலை.

மத்தியானம் றோஸ்மலர் அக்கா போன். சந்தோசமாய். "சாந்தி, உங்கடை பெடியன்ரை புதினத்தை எங்கடை டெனுசன்தான் போட்டவன். நாலாயிரம் பேர் பாத்திட்டினமாம்."

பிள்ளை பின்னேரம் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியிலை இருந்தான். "நான் தம்பிக்கு மட்டும்தான் சொன்னனான் அன்ரி" எண்டான். "உங்களுக்கும் அவனுக்கும். நீங்கள் சொல்லமாட்டீங்கள். அவன்தான்."

நான் வாயைத் திறந்தன். திறந்து, "சாப்பிடன் ராசா" எண்டன். எனக்கு வெக்கமில்லையா?

27 மார்ச், வியாழன்

தம்பியோடு போனில் அவர்கள் பாசையில் சண்டை. எனக்கு ஒரு சொல் விளங்காது, ஆனால் கெரன், கெரன் என்று அந்தப் பெயர் மட்டும் சுவர் தாண்டி வந்தது. பிறகு ஆக்னெஸ் எனக்கு எடுத்து அழுதார். கெரன் தான் சொல்லவில்லை என்று பைபிளில் கைவைத்துச் சொல்கிறானாம், அண்ணன் நம்பவில்லையாம். பதினேழு வயதுப் பிள்ளை. நான் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். வேறு என்ன சொல்ல?

சொல்லிவிடு என்கிறார் இவர். சொன்னால் அவன் பெட்டியைக் கட்டுவான், சொல்லாவிட்டால் நான் மனுசி இல்லை என்று நான் இவரிடம் சீறினேன். "இப்ப பெட்டி கட்டுறதே பெரிசு?" என்று கேட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

29 மார்ச், சனி

பெஞ்சிலும் இல்லை. வீட்டில் இருந்து சோபாவில் படுத்தபடி மாச் கேட்டான்.

30 மார்ச், ஞாயிறு

இன்றைக்கு இந்த நாட்டில் அன்னையர் தினமாம். எனக்கு நினைவே இல்லை. காலையில் இறங்கிவருகிறேன், மேசையில் மஞ்சள் பூங்கொத்தும் ஒரு வாழ்த்து மட்டையும். மட்டையில் "லண்டனில் என்னைப் பார்த்துக்கொள்ளும் அன்ரிக்கு" என்று எழுதியிருந்தான். எழுத்து முழுக்க வலப்பக்கம் சரிந்து.

ஏலாமல் போச்சு. அந்த இடத்திலேயே, கையில் பூவோடு, எல்லாவற்றையும் சொன்னேன். உறை, கடுதாசி, மன்னார்ப் பாதர், டெனுசன். தம்பி ஒன்றும் செய்யவில்லை, நான்தான், நான்தான் என்று.

அவன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"மைக்கிலையா?"

"ஓம்."

"சேர்ச் முழுக்கக் கேட்டதா?"

"ஓம் ராசா. நல்ல ஸ்பீக்கர்."

சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. மேலே போனான். தம்பிக்கு எடுத்திருக்கிறான், ஒரு மணித்தியாலம் கதைத்தான். அவர்களின் பாசையில் "மன்னித்துக்கொள்" என்ற சொல்லை இன்று அறிந்துகொண்டேன், அத்தனை தரம் சொன்னான். பிறகு இறங்கிவந்து கதவு நிலையில் நின்று, "நீங்கள் கெட்டது நினைக்கேல்லை அன்ரி, எனக்குத் தெரியும். கோவமில்லை. ஆனா இனி உங்களுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றான்.

கோபப்பட்டிருக்கலாம். தட்டை உடைத்திருக்கலாம். நான் அழுதழுது பூவுக்குத் தண்ணீர் வைத்தேன்.

3 ஏப்ரல், வியாழன்

"ரெயினிங் எப்பிடி?" "ஃபைன், அன்ரி." "மனேஜர் என்ன சொல்லுறார்?" "ஃபைன், அன்ரி." "கால் நோகுதே?" "ஃபைன்."

இந்தச் சொல்லை யார் கண்டுபிடித்தது?

8 ஏப்ரல், செவ்வாய்

பள்ளிக்கூடம் லீவு. நாற்பது மீன் ரோல்ஸ் சுற்றினேன். பெரிய ரப்பர்வெயார் பெட்டியில் அடுக்கி, கோயிலுக்கு உடுக்கும் சேலையைக் கட்டி, மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அவர்கள் பயிற்சி எடுக்கும் இடத்துக்குப் போனேன். வாசலில் நின்ற காவல்காரர் யாரைப் பார்க்க என்றார். மனேஜரை என்றேன். நேரம் குறித்திருக்கிறீர்களா என்றார். பெட்டி மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே விட்டார்.

மனேஜர் இந்த நாட்டின் வடக்குப் பக்கத்து வெள்ளைக்காரர், கொழுத்த கழுத்து, சிரிக்காத முகம். இரவெல்லாம் மனப்பாடம் செய்த இங்கிலிஷைச் சொன்னேன். கதையை வெளியே விட்டது பிள்ளை அல்ல, நான் என்று. பூசையிலா என்று இரண்டு தரம் கேட்டார். ஓம் சேர், பூசையில். அவர் கதிரையைத் திருப்பி யன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். தோள் குலுங்கியது போல இருந்தது, நிச்சயமாகத் தெரியாது.

"அவன் மனதால் போய்விட்டான் என்று நினைத்தேன். போகப்போகிறவனை இறக்கினால், இருக்கப்போகிற பிள்ளைகள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்றார்.

"காலமை ஆறு மணிக்கு எழும்பி முட்டை உடைக்கிறான் சேர். போகப்போகிறவன் அப்படி உடைப்பானா?" என்று கேட்டேன். மனப்பாடம் செய்ததில் இது இருக்கவில்லை.

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். இன்னொரு ரோல் எடுத்தார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஜவெலுக்கு உடனேயே சொல்லிவிட்டேன். மறைத்துப் பட்டது போதும். துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். "மனேஜரிட்டைப் போனனீங்களா? சேலையோடையா?" "ஓம்." துவாய்க்குள்ளிருந்து கனநேரம் வெளியே வரவில்லை.

12 ஏப்ரல், சனி

பெஞ்ச். பெஞ்சில் இருக்கிறான் என்பதற்கு இவ்வளவு சந்தோசப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

மாச் மூன்று மணிக்கு. சிலுவை ஆராதனையும் மூன்று மணிக்கு. போனை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். டெனுசன் எனக்கு இரண்டு வரிசை முன்னால், அவனுடைய பொக்கெற்றில் ஒன்று அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆண்டவரே, நான் முழந்தாளில் நின்றபடி ஒரு பெடியனின் காற்சட்டைப் பொக்கெற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் அவன் சொல்ல வாயெடுத்தான். நான் காதைப் பொத்தினேன். வீட்டில் ஜவெலின் வாயால் கேட்கவேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

முழு மாச்சும் விளையாடினானாம். எப்படி விளையாடினாய் என்றேன்.

"ஃபைன், அன்ரி."

ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னான்.

21 ஏப்ரல், திங்கள்

இரண்டு கோல். இரண்டு. ஒன்று இடக்காலால். உயிர்ப்பு ஞாயிறுக்கு வாங்கிய புதுச் சேலையில் அருகில் இருந்தவரின் கோப்பி முழுக்க ஊற்றுப்பட்டுவிட்டது. ஊற்றினது நான்தான், அவருடைய கையைப் பிடித்து ஆட்டியதில். போகட்டும். இவர் கதிரையின் மேல் ஏறி நின்றார், ஐம்பத்தாறு வயதில், முழங்கால் வருத்தத்தோடு. கிரிக்கெட்டில் இப்படி எழும்ப இடம் இல்லையாம். இப்போதுதான் தெரிகிறதாம்.

3 மே, சனி

கடைசி மாச்சும் முடிந்தது. வென்றோம். யாரை வைத்திருக்கிறார்கள், யாரை விடுகிறார்கள் என்ற பட்டியல் அடுத்த கிழமைகளில் வருமாம். இதையும் டெனுசன்தான் சொன்னான். ஜவெல் ஒன்றும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. கேட்கக்கூடாதென்று நாக்கைக் கடித்துக் கடித்து இப்போது தேத்தண்ணி சுடுகிறது.

11 மே, ஞாயிறு

அவனுடைய அறையைக் கூட்டப் போனேன். சூட்கேசைக் கட்டிலுக்கு மேலே எடுத்து வைத்திருக்கிறான். திறந்தபடி, வெறுமையாக. போகப் பார்க்கிறானா, தூசி தட்டப் பார்க்கிறானா? கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பூசைக்குக் கருத்துக் கொடுக்கவில்லை. மனதுக்குள் சொன்னேன், உதடுகூட அசையாமல்.

16 மே, வெள்ளி

மணி நாலே முக்கால். இருப்புக் கொள்ளவில்லை.

புதன் காலை ஆறு மணிக்கு ஜவெல் அடுப்படிக்கு வந்தான். முட்டையை எடுக்கவில்லை. கதவைச் சாத்தினான். "அன்ரி, ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"எனக்குச் சொல்லாதை" என்றேன். "வேண்டாம் ராசா, சொல்லாதை. உன்ரை அம்மாவுக்குச் சொல்லு." ஈரக் கையாலேயே காதைப் பொத்தினேன்.

"அங்கை இப்ப இரவு ஒரு மணி, அம்மா நித்திரை. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்" என்று என் இரண்டு கையையும் பிடித்து இறக்கிவிட்டுச் சொன்னான்.

இரண்டு வருடம். இந்தக் கிளப்பிலேயே. மனேஜர்தான் கேட்டு எடுத்ததாம். சூட்கேஸ் எதற்கென்றால், ஜூனில் ஊருக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வரவாம்.

இன்று காலை கையெழுத்து. கையெழுத்துப் போடும்போது பின்னால் குடும்பம் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுப்பார்களாம். இவர் பஸ் கொம்பனிக் கழுத்து ரையைக் கட்டிக்கொண்டு வந்தார், வேறு ரை இல்லை. ஆளுக்கொரு கிளப் சால்வை போட்டுவிட்டார்கள். படம் எடுக்கிற பெடியன், நீங்கள் யார் என்று என்னைக் கேட்டான். நான் யோசிப்பதற்குள் ஜவெல், "என்ரை ஆக்கள்" என்றான். அந்தப் படத்தில் நான் எப்படி விழுந்திருக்கிறேன் என்று யாருக்குத் தெரியும், கண் முழுக்கத் தண்ணீர். போகும்போது அந்தப் பெடியன் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னான், ஆறு மணிக்குத்தான் வெளியே விடுவோம், அதுவரை மூச்சு விடக்கூடாதென்று. மனேஜர் அந்தக் கொழுத்த கழுத்தைத் திருப்பி என்னை மட்டும் பார்த்தார்.

மத்தியானத்தில் இருந்து இவர் டிப்போவில் இருந்து மூன்று தரம் போன். "சாந்தி, இஞ்சை ஒரே ஒரு ஆளுக்குச் சொல்லட்டே? நல்ல மனுசன்." வாயைப் பொத்திக்கொண்டு பஸ்ஸை ஓட்டுங்கோ என்று வைத்தேன்.

இப்போதுதான் றோஸ்மலர் அக்கா வந்துவிட்டுப் போகிறார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"காலமை நீங்கள் ரெண்டு பேரும் வெளிக்கிட்டுப் போறதைக் கண்டனான். பஸ்தியாம்பிள்ளை அண்ணை ரை எல்லாம் கட்டி. எங்கை போனனீங்கள்?"

"பல்லுக் காட்ட."

"கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு. பிடுங்கினவையே?"

"ஓம் அக்கா. பிடுங்கினவை."

"எத்தினை?"

"ரெண்டு" என்றேன்.

பாவம் சாந்தி, இண்டைக்கு ஒண்டும் கதைக்காதையும் என்று சொல்லி, தன் கையாலேயே கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். ஆறு மணிக்கு இன்னும் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் இருக்கிறது.